ஜோடி பற்றிய விதி

முருகன்குறிச்சி தாண்டி
சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே
நுழையும் சந்தில் மூன்றாவது வீடு.
செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்:
வண்ணார்பேட்டை ஆபீசிலிருந்து வருகிறேன், சர்வேயர்.
"நெலம் அளக்கவா?" என்றார் பெரியவர்.
இல்லை, மோதிரம்.

பொருள்: திருமண மோதிரம், பெண்ணுடையது.
எடை நாலேகால் கிராம்.
உள்பக்கம் 'அருள்வேதம்' என்று எழுத்து, ஒரு மே மாதத் தேதி.
காப்பீடு செய்தவர் அருள்வேதம்,
மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், ஓய்வு.
தொலைத்தவர் மனைவி ரூபி செல்வகனி.

கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?
எல்லோரிடமும் கேட்பதுதான்.
எல்லோரும் ஒரு நேரம் சொல்லிவிடுவார்கள்.
அந்த அம்மா மட்டும் யோசித்தார்.
"பாக்கணும்னு எங்க பாத்தேன் தம்பி,
அது பாட்டுக்குக் கெடந்துச்சு கையில.
மூக்கை யாரு தெனமும் பாக்கா?"

இதை இப்படியே எழுதினால் கோப்பு செத்துப்போகும்.
மர்மமாக மறைந்தவற்றுக்கு
நாங்கள் பணம் தருவதில்லை.
திருடன் வேண்டும், தீ வேண்டும்,
ஆற்று வெள்ளமாவது வாசல் ஏறியிருக்க வேண்டும்.
"திருட்டுன்னு ஒரு வரி..." இழுத்தேன்.
"வீட்டுக்குள்ள வாரது பேச்சி ஒருத்திதான்.
ஸ்டேஷனுக்கு அவளைத்தான கூப்பிடுவாவ?
வேண்டாம், விடுங்க."

சாளை கழுவிய தொட்டியடி,
தோசைமாவுப் போணி, தலையணை உறை.
வாறுகாலில் போன் வெளிச்சத்தை விட்டுப் பார்த்தேன்.
செதில்கள் மினுங்கின,
ஒவ்வொன்றும் ஒரு கணம் ஏமாற்றி.

திரும்பி வந்தபோது மேஜை மேல்
இன்னொரு மோதிரம் இருந்தது.
பெரியவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தது.
காலையிலேயே சோப்புப் போட்டுக் கழற்றிவிட்டாராம்.
"இதையும் சேத்து எழுதிக்கிடுங்க."
இது தொலையவில்லையே சார்.
"ஒத்தையா போட்டுக்கிட்டு என்ன செய்ய?"

ஒன்பதாம் பிரிவை வாசித்துக் காட்டினேன்:
ஜோடியில் ஒன்று தொலைந்தால்
தொலைந்ததன் விலை மட்டும்.
ஜோடி என்பதால் கூடிய மதிப்பு
கணக்கில் வராது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"இத எழுதுனவன் கல்யாணம் ஆனவனா?"

அந்த அம்மா சிரித்து, வாயைப் பொத்தக் கையை உயர்த்த
இரண்டு வளையலும் முழங்கைக்கு ஓடின.

உடம்புக்கு முடியாமல் இருந்தீர்களா?
"டைபாய்டு. ஹைகிரவுண்டுல இருபத்திரெண்டு நாளு.
ஒம்பது கிலோ போச்சு."
பழைய பாட்டுகளில் வளை கழன்ற பெண்களெல்லாம்
பொருள் தேடிப் போனவனை நினைத்து மெலிந்தவர்கள்.
இவரோ எங்கும் போகாமல்
பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறார்,
கஞ்சி டம்ளரை ஆற்றிக்கொண்டு.

மோதிரம் தேய்ந்தால் பணமில்லை, அது பாலிசியில் இருக்கிறது.
விரல் தேய்ந்தால்?
பத்தொன்பது பக்கத்தையும் புரட்டினேன்.
ஒரு வரி இல்லை.

எழுதினேன்:
நோயினால் விரல் மெலிந்து நழுவியது.
எதிர்பாராதது. அலட்சியம் இல்லை.
உரிமை கோருபவரின் சொல் நம்பத்தக்கது.
சென்னையில் யாராவது சிவப்பு மையில் சுழிக்கலாம்.
அது என் கையில் இல்லை.

கே.டி.சி. நகர் வரை போன பிறகுதான்
கையெழுத்து வாங்காதது ஞாபகம் வந்தது.
வண்டியைத் திருப்பினேன்.

உள்ளே தேங்காயெண்ணெய் வாசம்.
அந்த அம்மா அவர் விரலைப் பிடித்துத்
திருகித் திருகி ஏற்றிக்கொண்டிருந்தார்.
முட்டியைத் தாண்டவில்லை.
"கழட்டும்போது தெரியலையா ஒமக்கு?"

நான் நீட்டிய தாளில்
மோதிரம் பாதி வழியில் நிற்க
அப்படியே கையெழுத்துப் போட்டார்.
'வேதம்' மேல் ஒரு சொட்டு எண்ணெய்.