பாக்கி

கோடம்பாக்கம் லேபில் கணக்கெழுதும் எனக்கு
யுர்கன் வால்டாவ் என்பவர்
பேரேட்டில் நாற்பத்து மூன்றாம் பக்கம்.
ரீல் ஏழு. கழுவிய கூலி பாக்கி
பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது.

ஜெர்மனியில் பெரிய ஆள் என்றார்கள்.
சுரங்கக் கூலி மகன்.
முதல் படத்துக்கு விருது, இரண்டாவதற்குக் கல்லெறி,
அப்புறம் எடுத்த ஒன்பதும்
வந்ததும் போனதும் மனைவிக்கே தெரியாதாம்.
எந்த மனைவிக்கு என்று மேனேஜர் சிரித்தார்.

எண்பத்து நாலு, கத்திரி வெயில்.
காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர்களை மட்டும்
பத்தொன்பது நாள் எடுத்தார்.
கதை என்ன சார், கேட்டிருக்கிறான் லைட்மேன் பொன்னுரங்கம்.
"உருகும்" என்றாராம்.
அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வினைச்சொல்.

பணத்தோடு வருகிறேன் என்று விமானம் ஏறினார்.
வந்தது நாலு வரிச் செய்தி,
தங்கம் விலைக்குக் கீழே,
பெயரில் எழுத்துப்பிழையோடு.

இப்போது லேபை இடிக்கிறார்கள். அடுக்குமாடி.
பழைய ஃபிலிமெல்லாம் வெள்ளி எடுக்க
கிலோ கணக்கில் போகிறது.
அவர் டப்பாவைத் திறந்தேன். புளித்த காடி வாடை.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்
ஐஸ் கன்னங்கரேலென்று,
உடைப்பவன் வெள்ளைவெளேரென்று,
அவன் காலடியில்
கேமராவோடு குனிந்த ஒரு நிழல்,
அதுவும் வெள்ளை.

அவிழ்த்துக்கொண்டே போனேன்.
மடியில், மேசையில், தரையில் சுருள்.
ஐஸ் சிறுத்துக்கொண்டே வருகிறது.
நிழல் நகரவேயில்லை.

இதையும் எடை போடவா, என்கிறான் தராசுக்காரன்.
இருப்பா, இது கணக்கில் இருக்கு.
ஆள் வரணும்.