படு

இரண்டாம் ஆண்டு லத்தீன்.
செண்பகனூர் விடுதியில் மின்சாரம் இல்லை;
பெருமாள்மலைப் பக்கம் எங்கோ மரம் சாய்ந்திருக்கிறது.
மெழுகுவர்த்தியில் வினை வாய்பாடு:
உருவம் செயப்பாட்டு, பொருள் செய்வினை.
லோக்வோர். பேசப்படுகிறேன் அல்ல, பேசுகிறேன்.
மோரியோர். சாகிறேன்.

'கிறுக்குப் பிடித்த மொழி' என்கிறாள் பிளோமினா,
கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு.
நாளைக்குப் பல்கலைத் தேர்வு. ஒன்றும் ஏறவில்லை.
ஜன்னல் இடுக்கில் நுழைந்த மேகம்
பக்கங்களை ஈரமாக்கிவிட்டது.

அப்போதுதான் சொன்னாள், சும்மா,
மெழுகைச் சுரண்டியபடி:
'போன வருஷம் உன்மேல் ரொம்ப ஆசைப்பட்டேன்.'

படு.
யாரால் என்று கேட்க
இடமே இல்லாத படு.

பயப்பட்டேன். வெட்கப்பட்டேன்.
இரண்டையும் நானேதான் செய்தேன்.

ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்:
தமிழிலும் உண்டு.