ஆறும் ஒன்பதும்

பங்களாவை மூன்றே நாளில் இடித்துவிட்டார்கள்.
வாசலை இடிக்கவில்லை.
கல்லுக்குக் கல் வெள்ளைச் சாயத்தில் எண் போட்டு
ஹஷிமின் லோரியில் அடுக்கி
மேட்டிலிருந்து இறக்கி
சிலிம் ரிவர் சாலையோரம் மறுபடி நிறுத்தினார்கள்.
நூற்றுப்பத்து வருசத்தில் அது நகர்ந்த தூரம்
நானூறு மீட்டர்.
'கில்மோர் ஹைட்ஸ், ஐந்து லட்சம் வெள்ளியிலிருந்து'
என்கிற பலகையில் இப்போது அதற்குத்தான் பெரிய படம்.

இரண்டு தூணுக்கும் நடுவே ஒரு தடுப்புக் கம்பு.
கம்பின் பொத்தான் என்னிடம்,
ராத்திரி ஏழிலிருந்து காலை ஏழு வரை.

இதே வாசலில்
துரையின் கார் போகும், டாக்டர் போவார்,
பெரிய கிராணி சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போவார்.
எங்களுக்கு முள்கம்பி வேலியில் ஒரு சந்து,
சாக்கடை ஓரம், குசினிக்கு நேராக.
துரைகள் மாறினார்கள், தோல் நிறமும் மாறியது.
சந்து அங்கேயே இருந்தது.
பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும்.

தூணில் பாசி ஏறினால்
தேய்ப்பது அப்பாவின் வேலை.
தேங்காய் நார், சோடா உப்பு, ஒரு வாளித் தண்ணீர்.
கீழ்க்கற்கள் ஆறும் என் பங்கு, கூலி இல்லாமல்.
உச்சியில் இருந்ததை அன்னாசி என்றே சொல்லி வந்தோம்.
அது ஸ்காட்லாந்து முட்பூ என்கிறது புதிதாய் ஒட்டிய பித்தளைத் தகடு.
செதுக்கிய ஈப்போ சீனர்
அந்தப் பூவைக் கண்டிருக்க மாட்டார்.
கண்ட பழத்தை ஏற்றிவிட்டார்.

அவர் ஒளித்துவைத்த இன்னொன்று தகட்டில் இல்லை.
இடது தூண், ஆறாவது கல்,
கொடியின் மூன்றாம் இலைக்கு அடியில்
கட்டைவிரல் நகம் அளவு ஒரு நத்தை.
மேலே ஏறிக்கொண்டிருக்கும்.
நார் அதன் ஓட்டில் சிக்கும், ஒவ்வொரு தடவையும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
டார்ச் அடித்துத் தேடினேன். ஆறில் இல்லை.
இலை பாதியில் அறுந்து நின்றது,
காம்பு வேறெங்கோ பார்த்தது.
அண்ணாந்தால் ஒன்பதில் இருக்கிறது,
தலை கீழே.
ஆறைத் திருப்பிப் பிடித்தால் ஒன்பதுதானே.
யாரோ அப்படித்தான் பிடித்திருக்கிறார்கள்.

இஞ்சினியர் தாங்கிடம் சொன்னேன்.
போனில் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்.
"எண் சரியா இருக்கு, கக்" என்றார்.
எண் சரிதான்.

போன மாதம் வாடகைக் காரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்,
வெயிலில் சிவந்த கழுத்து, கையில் பழைய போட்டோ.
பதிவேட்டை நீட்டினேன்.
பெயர், பாஸ்போர்ட் எண், யாரைப் பார்க்க.
கில்மோர் என்று எழுதினாள்.
மூன்றாம் கட்டத்தில் பேனா நின்றது,
அங்கே எழுத அவளுக்கு ஆள் இல்லை.
"காலியா விடுங்க" என்றேன்.

தன் போனை என்னிடம் கொடுத்தாள்.
எந்தப் பக்கம் நிற்கட்டும் என்று கையால் கேட்டாள்.
இடது பக்கம் காட்டினேன்.
கொஞ்சம் பின்னால். இன்னும் கொஞ்சம். போதும்.

அவள் சிரித்தாள், எடுத்தேன்.
தோளுக்கு ஒரு சாண் மேலே
நத்தை
தரையைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் ஒரு வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார்.
கம்பை உயர்த்தினேன்.