கால்விரிப்புக்குக் கீழே

உவர்மலையில் பார்த்த முதல் கார்
கல்யாணத்துக்கு நிற்பதுபோல் மினுங்கியது.
றபாய்தீன் பாஸ் எஞ்சினைத் திறக்கவேயில்லை.
கால்விரிப்பைத் தூக்கித் தகரத்தைத் தடவி
விரலை நாக்கில் வைத்தார்.
"கடல் குடியிருக்கு, மிஸ். வாடகையும் தராது."

இரண்டாவதின் மீற்றர்
நாற்பதாயிரம் என்று சத்தியம் பண்ணியது.
பிரேக் கட்டையின் றப்பர்
தேய்ந்து வழுவழுத்து
வேறு கணக்குச் சொன்னது.

என் கணக்கு
வங்கிக் கடதாசியின் பின்பக்கம்:
லீசிங் அறுபது மாதம்,
பெற்றோல் விலை பென்சிலால்,
இரட்டையர், அவர், நான்.
அவருடைய சக்கர நாற்காலி
மடித்தால் டிக்கிக்குள் போகவேண்டும்.
அளவு நாடாவோடு போனேன்.
விற்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாவது பதுளையில் ஓடியது.
அநுராதபுரச் சந்தியில் தூசியோடு நின்றது,
முன்கதவில் பெரிய பள்ளம்.
"மான்தாங்க இடிச்சிச்சு.
கோயிலுக்கு வந்து கோட்டைக்கிட்ட
சும்மா நிப்பாட்டியிருந்தேன்."
ஏசி இருமும் என்பதையும்
கேட்காமலே சொன்னார்.
ஒயில் மாற்றிய திகதியெல்லாம்
சதுரக்கோட்டுக் கொப்பியொன்றில்,
மகளின் கையெழுத்தில்.

பாஸ் விரலை நக்கிவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை.
நாற்காலியை ஏற்றினோம்.
ஒரு சில்லு இடறியது,
பிறகு
போனது.

"பள்ளத்தைத் தட்டி எடுக்கவா?"
இருக்கட்டும், காசு மிச்சம்.

இரவு கடற்காற்று எழும்ப
நித்திரை வரவில்லை.
ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரோடு
வெளியே போய்
முழந்தாளில் நின்று
அதன் வயிற்றைக் கழுவினேன்.