கடல் தெரியாத இடம்

கெர்குவானில் எனக்குச் சம்பளம்
களை பிடுங்குவதற்கு.
வருகிறவர்கள் கல்லைப் பார்க்க வருகிறார்கள்.
கல்லுக்கு நடுவில் புல் நின்றால்
அலுவலகத்துக்குக் கோபம் வருகிறது.
போன செவ்வாய் பிடுங்கிய இடத்தில்
இந்தச் செவ்வாய் மறுபடி நிற்கிறது,
கடன் கேட்டு வந்தவன் மாதிரி
தலையைக் குனிந்துகொண்டு.

ஊர் என்றால் முட்டி உயர ஊர்.
எந்த வீட்டுக்குள்ளும் கதவைத் தட்டாமல் போகலாம்.
வாசற்படி இருக்கிறது,
அழுக்குத் தண்ணீர் தெருவுக்குப் போகும் வாய்க்கால் இருக்கிறது,
வீட்டுக்கு வீடு
இளஞ்சிவப்புச் சாந்து பூசிய குளியல் தொட்டி இருக்கிறது.
ஒரு ஆள் காலை மடக்கி உட்காரும் அளவு.
கையை வைத்துக்கொள்ள ஒரு மேடு.

ரோமானியர் வந்துபோனதற்குப் பிறகு
இங்கே யாரும் குடியேறவில்லை என்கிறது பலகை,
மூன்று மொழிகளில்.
மூன்றும் ஒரே வெயிலில் வெளுத்திருக்கின்றன.

"எல்லா வீட்டிலுமா?" என்றாள் ஒரு பிரெஞ்சுக்காரி.
"இரண்டாயிரத்து முன்னூறு வருடத்துக்கு முன்பா?"
தலையாட்டினேன்.
என் வீட்டுக் குழாயில் அன்றோடு
மூன்றாம் நாளாகக் காற்று வந்துகொண்டிருந்தது.
அவள் வாங்கிய நுழைவுச்சீட்டில்
அது அடங்காது.

ஆகஸ்ட். ஆறு மணி.
திஜானி கதவைப் பூட்டிவிட்டு
நாய்க்கு ரொட்டி ஊறவைக்கப் போயிருந்தான்.
முட்சங்கு ஓடுகள் குவிந்த இடத்தைத் தாண்டி
மூன்றாவது வீடு.
செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன்.
பழக்கம்.
தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தேன்.

இடுப்பு சரியாக இருந்தது,
தையல்காரி என்னை அளந்து வெட்டியது போல.
பகல் சூடு முதுகில் ஏறியது.
பல்லி ஒன்று என்னைப் பார்த்து
இது யார் வீடு என்று யோசித்தது.

அப்போதுதான் கவனித்தேன்:
கடலைக் காணோம்.
இருபது அடியில் இருக்கிற கடல்.
எழுந்து நின்றால் கண்ணை நிறைக்கிற கடல்.
உட்கார்ந்தால் சத்தம் மட்டும்,
அடுத்த வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது போல.

சங்கை உடைத்து, அழுகவைத்து, ஊதாச் சாயம் எடுத்தவர்கள்.
துணி யாருடைய தோளுக்கோ போய்விடும்.
நாற்றம் மட்டும் வீட்டுக்கு வரும்.
அதைக் கழுவிக்கொள்ள
கடல் கண்ணில் படாத
ஒரு முழம் இடம் கட்டிக்கொண்டார்கள்.

என் லசாரும் அப்படித்தான்.
இரவெல்லாம் விளக்குப் படகில் மத்தி பிடித்துவிட்டு
விடிந்ததும் கெலிபியா துறைமுகக் காப்பிக்கடையில்
நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வான்.
கடல் பார்த்த மேசைக்குச் சண்டை போடுகிறவர்கள்
பேருந்தில் வந்தவர்கள்.

தெளிந்த நாளில் எதிரே பாந்தெல்லேரியா தெரியும்,
கரிக்கோட்டை விரலால் அழித்தது போல.
என் தங்கை மகன் அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தான்.
இப்போது அங்கே கேப்பர் மொட்டுப் பறிக்கிறான்.
அங்கிருந்து பார்த்தால் நாம் தெரிகிறோமாம்.
முதல் ஒரு மாதம்
மேகம் என்று நினைத்தானாம்.

டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது.
"மொஞ்சியா! தொட்டியில் உட்காரக் கூடாது,
பலகையைப் படிக்கவில்லையா?"
"அந்தப் பலகையை நட்டதே நான்தான், திஜானி."

அவன் சாலைப்பக்கம் பார்த்தான்.
கடல்பக்கம் பார்த்தான்.
பக்கத்து வீட்டுக்குள் போய்
முனகிக்கொண்டே அவர்கள் தொட்டியில் இறங்கினான்.
அவன் கால்கள் மடங்கவில்லை,
இரண்டு துடுப்புகள் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.
எங்கள் நடுவில் முட்டி உயரச் சுவர்.
ஒரு நாய் தெருவில் நடந்துபோனது,
தெரு என்று தெரிந்தே.

"உங்கள் வீட்டில் தண்ணீர் வந்ததா?" என்றான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"நாளைக்கு வரும் என்கிறார்கள்."

வாய்க்கால் வாயில் ஒரு புல்.
கை தானாகப் போனது.
பிறகு விட்டுவிட்டேன்,
செவ்வாய்க்கு இன்னும் நாலு நாள் இருந்தது.