இரண்டு முறை அழுத்த வேண்டிய எழுத்து

உலான்பாத்தரில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
கணினிச் சந்தையின் கதவைத் தள்ளியதும்
மூக்குக்கண்ணாடி பால்போல் வெளுத்தது.
துடைக்கும்வரை
எல்லா மடிக்கணினியும் ஒரே விலைதான்.

இரண்டாம் மாடி, பதினேழாம் கடை.
"கேம் ஆடுவாயா?" என்றான் பில்கூன்.
இல்லை.
"வீடியோ வெட்டி ஒட்டுவாயா?"
இல்லை.
"கட்டட வரைபடம்?"
கணக்கியல், இரண்டாம் ஆண்டு என்றேன்.
கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து
தண்ணீர் மட்டும் கேட்டவளைப் போல் பார்த்தான்.

ஆனாலும் முதலில் காட்டினான்
வெள்ளி நிறத்தில் ஒன்று, வெங்காயத்தோல் மெலிவு.
இருபத்துநான்கு லட்சம் துக்ரிக்.
தொட்டுப் பார்க்கச் சொன்னான்.
தொடவில்லை.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்,
என் விரலுக்கு
உறை வாங்கவே போன வாரம்தான் முடிந்தது.

கையில் எட்டு லட்சத்து எழுபதாயிரம்.
பேருந்து நிறுத்தத்துக் கடையில் ஐந்து மாத இரவுகள்:
சூடாக்கித் தந்த நூடுல்ஸ்,
குடிகாரர்கள் கசக்கித் தந்த நோட்டு.
வேண்டியது என்னவென்று
ரசீதின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
எக்செல் திறக்க வேண்டும்.
வகுப்பில் பேராசிரியர் முகம் உறையக் கூடாது
(உறைவதற்கு வெளியே ஊரே இருக்கிறது).
தோள் திட்டாத எடை.
நான்காவதாக ஒன்று எழுதி
நானே அடித்துவிட்டேன்.

கீழ்த்தட்டிலிருந்து அதை எடுத்தான்.
பூசானில் ஏதோ அலுவலகத்தில் உழைத்து
ஓய்வுபெற்றுக் கப்பலேறி வந்தது.
மூடியில் 47 என்று ஒட்டுத்தாளின் பசைத் தடம்.
கொரிய எழுத்துகளின் மேல்
எங்கள் எழுத்துகளை ஒட்டியிருந்தார்கள்,
வாடகை வீட்டில் பெயர்ப்பலகை மாட்டியதுபோல்.
இடைவெளி விசையின் இடது ஓரம் மட்டும் பளபளப்பு:
யாரோ ஒருவரின் கட்டைவிரல்
ஆறேழு வருடம்
சொல்லுக்குச் சொல் நின்று போயிருக்கிறது.

நினைவகம் எட்டு ஜிபி.
பேட்டரி நான்கு மணி நேரம் என்றது பில்கூனின் வாய்.
ஒன்றரை என்றது திரையின் மூலை.
கீல் மட்டும் கடன் கொடுத்தவன் பிடி.

"ஒன்பது எண்பது."
பதில் சொல்லாமல் உட்கார்ந்து
முப்பத்தைந்து எழுத்தையும் தட்டிப் பார்த்தேன்.
முப்பத்துநான்கு எழுந்து நின்றன.
மிச்சம் ஒன்று,
நடுவில் கோடு போட்ட வட்டம்,
இடது சுட்டுவிரல் இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்கும்
சின்ன மேடுள்ள விசை.
முதல் தட்டுக்குத் தூக்கம்.
இரண்டாவதற்குத்தான் விழிப்பு.

"ஓர் எழுத்துதானே" என்றான்.
எங்கள் மொழியில்
கடன் என்ற சொல்லுக்கு அதுதான் முதலெழுத்து.
கணக்கியல் மாணவி
கடன் எழுதாமல் எப்படித் தேறுவாள் என்றேன்.
அவன் சிரித்த சிரிப்பில் அறுபதாயிரம் குறைந்தது.
அதற்குமேல் அவன் சிரிக்கவில்லை.

உயங்காவுக்குப் போன் செய்தேன்.
எதற்கென்று கேட்காமல் ஐம்பதாயிரம் அனுப்பினாள்.
கேட்டிருந்தால்
கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"போனதும் திறந்துவிடாதே" என்றான் பில்கூன்,
"குளிரிலிருந்து வந்தது உள்ளுக்குள் வியர்க்கும்.
இரண்டு மணி நேரம் சும்மா கிடக்கட்டும்."

கோட்டுக்குள், வயிற்றோடு அணைத்துக்கொண்டு
பேருந்தில் ஏறினேன்.
ஒருத்தி என் வயிற்றைப் பார்த்து
எழுந்து இடம் கொடுத்தாள்.
மறுக்கவில்லை. உட்கார்ந்தேன்.

அறையில் மேசைமேல் வைத்து
எதிரே இருந்தேன், கோட்டைக் கழற்றாமல்.
வந்த களைப்பில் இருப்பவரிடம்
உடனே வேலை வாங்குவது மரியாதையில்லை.
மூடியில் துளிகள் அரும்பின,
47இன் தடத்தை நனைத்தன,
எப்போது மறைந்தன என்று தெரியவில்லை;
நான் கொஞ்சம் தூங்கியிருந்தேன்.

பொத்தானை அழுத்தியதும்
விசிறி ஒருமுறை தொண்டையைச் செருமியது.
முதல் அட்டவணை, முதல் வரி:
உயங்கா, ஐம்பதாயிரம்,
அடுத்த கட்டத்தில் கடன் என்று எழுதப் போனேன்.
முதலெழுத்து வரவில்லை.
மறுபடி அழுத்தினேன்.
இரண்டாக வந்து நின்றது.
ஒன்றை அழித்தேன்.
மற்றது மார்ச் சம்பளத்தில்.