புல்லுக்குப் புள்ளி

சமையல் மேசையில் மூன்று உறைகள்.
ஒன்றில் விமானம், ஒன்றில் பனைமரம்,
மூன்றாவதில் ஒன்றுமில்லை, வெறும் நீலம்.
அந்த நீலத்தைத்தான் முதலில் பிரித்தேன்.

வெளியே மைனஸ் பத்தொன்பது.
தொட்டியில் உறைந்த தண்ணீரை
ஆர்லன் கோடரியால் உடைக்கும் சத்தம்
பொடி எழுத்துகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

மூன்று மாதத்துக்குள் நாலாயிரம் டாலர் செலவழித்தால்
அறுபதாயிரம் புள்ளி.
நாலாயிரமா?
பிப்ரவரியில் எங்கள் நூற்றுப்பத்துப் பசுக்கள்
அதை ஒன்பது நாளில் மென்றுவிடும்.
அதற்குப் பிறகு டாலருக்கு ஒரு புள்ளி.
ஒரு கட்டுப் புல் எத்தனை மைல்?
வேலி தாண்டும் அந்தச் சிவப்புக் காதுக்காரி மட்டும்
இந்தக் குளிர்காலத்தில் தனியாக
டென்வர் வரை தின்றிருப்பாள்.

பனைமர அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை,
அதைப் பார்த்து ஆசையும் வரவில்லை.
விமானத்துக்குத் தொண்ணூற்றைந்து.
நீலம், யானை. கட்டித் தீனி போட வேண்டும்.
நூற்று முப்பது நகரங்களில் ஓய்வறை தருமாம்,
மெத்தை நாற்காலி, இலவச ஆலிவ் காய்.
எங்கள் ஊர் விமான நிலையத்தில்
ஒரு வாசல், ஒரு சோடா இயந்திரம்.
அதுவும் நோட்டைத் துப்பிவிடும்.

தீவனக் கடையில் டுவேனைக் கேட்டேன்.
அட்டை என்றால் நூற்றுக்கு மூன்று கூடுதல், வெர்னா,
என்றார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
வண்டியிலேயே உட்கார்ந்து
விமான உறையின் முதுகில் கணக்குப் போட்டேன்:
முதல் நாலாயிரத்துக்கு நூற்றிருபது போகட்டும்,
புள்ளி வந்து சேர்ந்த மறுநாள்
பழையபடி காசோலைக்குத் திரும்பிவிடலாம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நெப்ராஸ்காவில் இந்தப் பக்கம்
ஆறே அளந்துதான் ஓடுகிறது.

கன்று ஈனும் காலம், தூக்கம் ஏது.
இரவு ஒரு மணிக்கு வங்கியை அழைத்தேன்.
பேசியவன் பெயர் டெஷான்,
எங்கோ வெயிலில் உட்கார்ந்திருக்கும் குரல்.
வருமானம் கேட்டான், சொன்னேன்.
மழை பெய்த வருஷமா பெய்யாத வருஷமா என்று கேட்கவில்லை.
பிறகு,
எங்கே பயணம் போவதாக உத்தேசம், அம்மா?

அது அவன் திரையில் ஓடும் கேள்விதான்.
அடுத்த அழைப்பிலும் கேட்பான்.
ஆனால் முப்பத்தோரு வருஷத்தில்
என்னை யாரும் அதைக் கேட்டதில்லை.
எந்தப் பக்கம் போகப் பார்க்கிறாய் என்று
மாடுகளைத்தான் கேட்டிருக்கிறோம்.

லிஸ்பன், என்றேன்.
ஏன் லிஸ்பன் என்று இப்போதும் தெரியாது.
பல் மருத்துவரின் அறையில் ஒரு படம் இருந்தது:
மேட்டில் ஏறும் மஞ்சள் டிராம்,
ஜன்னலில் முழங்கை ஊன்றிய ஒருத்தி.
அவள் எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

கடைசியாக ஒன்று, என்றான் டெஷான்.
கணவர் பெயரில் கூடுதல் அட்டை வேண்டுமா?
அதற்குக் கட்டணம் இல்லை.

சமையலறைக் கதவு திறந்தது.
முழங்கை வரை ஈரம், கோட்டுக்குள் ஒரு கன்று.
அடுப்போரம் அதைக் கிடத்தி
துண்டால் தேய்த்துக்கொண்டே
யார், இந்த நேரத்தில், என்று கண்ணால் கேட்டார் ஆர்லன்.
ஷையென் தாண்டிப் போனதில்லை அவர்.
போக வேண்டும் என்று சொன்னதுமில்லை.

கன்றின் காதிலிருந்து பனி உருகிச் சொட்டியது.
டெஷான் காத்திருந்தான்.
விசைப்பலகை மேல் அவன் விரல்
நின்றுகொண்டிருப்பது எனக்குக் கேட்டது.

வேண்டாம், என்றேன்.
ஒன்று போதும்.

எது போதும், என்றார் ஆர்லன்.
பால் புட்டியை நீட்டினேன்.
கன்று உறிஞ்சத் தொடங்கியது,
எங்கள் இருவரையும் பார்க்காமல்.